பேரண்ட்டை சைல்டா காஸ்ட் பண்ணா கம்பைல் ஆகுது, ரன் பண்ணா எரர், ஏன்?

புதுஜாவா:
எல்லாருக்கும் வணக்கம், ஜாவா கத்துக்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகுது. சம்பளக் கணக்குக்கு ஒரு சின்ன ப்ராஜெக்ட் பண்றேன், எம்ப்ளாயீன்னு ஒரு கிளாஸ், அதை எக்ஸ்டெண்ட் பண்ணி மேனேஜர்னு இன்னொண்ணு, மேனேஜர்ல மட்டும் போனஸ்னு ஒரு ஃபீல்டு. ஃபைல்ல இருந்து ஆளுங்களப் படிச்சு எம்ப்ளாயீ லிஸ்ட்ல போட்டுட்டு, பதவி மேனேஜர்னு இருக்கறவங்கள மட்டும் எடுத்து மேனேஜர் டைப்பா காஸ்ட் பண்றேன், அதாவது மேனேஜரா எடுத்துக்கோன்னு கோடுல சொல்றேன். கம்பைலர் ஒண்ணுமே சொல்லல, ரன் பண்ணா கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன்னு எரர் வந்து நிக்குது. மேனேஜரும் எம்ப்ளாயீ தானே, அப்ப மாத்த முடியணும்ல? தப்புன்னா கம்பைலரே சொல்லியிருக்கலாமே, ரெண்டு நாளா மண்டை காயுது.

ராத்திரிகோடர்:
மேனேஜர் எல்லாரும் எம்ப்ளாயீ தான், ஆனா எம்ப்ளாயீ எல்லாரும் மேனேஜர் இல்லையே தம்பி. காஸ்ட் பண்றதால ஆப்ஜெக்ட் மாறவே மாறாது, நியூ போட்டப்ப எந்த கிளாஸ் பேர் எழுதினியோ கடைசி வரைக்கும் அது அதே தான். டீத்தூள் டப்பா மேல காபித்தூள்னு எழுதி ஒட்டினா உள்ள இருக்கறது மாறிடுமா?

கம்பைலருக்குத் தெரியறது அந்த டப்பா மேல இருக்கற எழுத்து மட்டும். வேரியபிள் டைப் எம்ப்ளாயீ, உள்ள மேனேஜர் இருந்தாலும் இருக்கலாம், அதனால உன்ன நம்பி விட்டுடுது, ஆனா சும்மா விடல, கம்பைல் ஆகி வர்ற பைட்கோடுல செக்காஸ்ட்னு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் வச்சுட்டுப் போகுது, அந்த பைட்கோடை ஓட்டற ஜேவிஎம் ரன் டைம்ல அங்க நின்னு நிஜ ஆப்ஜெக்ட் என்னன்னு பாக்கும். ஸ்ட்ரிங்கை இன்டீஜரா காஸ்ட் பண்ணிப் பாரு, ரெண்டுக்கும் உறவே இல்லாததால கம்பைல்லயே நிறுத்திடும்.

சிபிளஸ்பிளஸ்காரன்:
அந்த எக்ஸெப்ஷன் வர்றது நல்லதுக்குத் தான். வெறும் எம்ப்ளாயீயா உருவான ஆப்ஜெக்ட்ல போனஸுக்கு இடமே கிடையாது, காஸ்ட்டைத் தடுக்காம அனுமதிச்சுட்டா போனஸை எங்க இருந்து படிக்கும்? எங்க சி++ ஊர்ல ரன் டைம்ல செக் பண்ணாத ஸ்டேடிக் காஸ்ட் போட்டா அப்படியே விட்டுடும், பக்கத்து மெமரில கிடக்கற ஏதோ ஒரு நம்பர் போனஸா வந்து நிக்கலாம், எரரும் இருக்காது. செக் பண்ற டைனமிக் காஸ்ட் போட்டா தான் பாயிண்டருக்கு null (எதையும் குறிக்காத வெற்று மதிப்பு) வரும், ரெஃபரன்ஸுக்கு எக்ஸெப்ஷன் வரும், அதுக்கும் பேரண்ட்ல ஒரு வர்ச்சுவல் ஃபங்ஷனாவது இருக்கணும். இன்னொரு கொடுமை ஸ்லைசிங், மேனேஜரை எம்ப்ளாயீ வேரியபிள்ல நேரா அசைன் பண்ணா போனஸ் பகுதி காப்பியே ஆகாது, அதுல ஒரு வாரம் போச்சு எனக்கு.

புதுஜாவா:
இப்பத் தான் புரியுது அண்ணா. அப்ப காஸ்ட்டுக்கு முன்னாடி இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டு, உள்ள இருக்கறது மேனேஜர் தானான்னு செக் பண்ணா போதுமா?

ராத்திரிகோடர்:
எக்ஸெப்ஷன் நிக்கும். ஜாவா 16-ல இருந்து (2021) இன்ஸ்டன்ஸ்ஆஃப் பக்கத்துலயே வேரியபிள் பேரும் குடுத்துடலாம், தனியா காஸ்ட் எழுதவே வேணாம். வேரியபிள் null-ஆ இருந்தா ஃபால்ஸ் தான் வரும், பயப்படாத. ஆனா உன் கேஸ்ல போனஸ் வராம சைலண்ட்டா தாண்டிப் போயிடும், அது எக்ஸெப்ஷனை விட மோசம்.

சம்பளக் கணக்குக்கு காஸ்ட்டே தேவையில்ல. எம்ப்ளாயீல மொத்தசம்பளம்னு ஒரு மெத்தட் வை, மேனேஜர்ல ஓவர்ரைடு பண்ணி (அதே மெத்தடை மாத்தி எழுதி) போனஸைக் கூட்டு, லூப்ல எல்லார்கிட்டயும் அதே மெத்தடைக் கூப்பிடு, எது ஓடணும்னு ஆப்ஜெக்ட்டே பாத்துக்கும். ரெண்டும் சமமான்னு பாக்கற ஈக்வல்ஸ் மெத்தட் எழுதும்போது, ஒப்பிட வர்றது ஆப்ஜெக்ட்ங்கற பொது டைப்ல தான் உள்ள வரும், அங்கல்லாம் காஸ்ட் நியாயம். லிஸ்ட்ல எந்த டைப் இருக்கும்னு முன்னாடியே சொல்ற ஜெனரிக்ஸ் 2004-ல ஜாவா 5-ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி லிஸ்ட்ல இருந்து எத எடுத்தாலும் காஸ்ட் தான், பழைய கோடைப் பாத்து அந்தப் பழக்கத்தப் பிடிச்சுக்காத.

முதல்ல ஃபைல் படிக்கற இடத்துல நியூ பக்கத்துல என்ன எழுதியிருக்கன்னு பாரு.

புதுஜாவா:
பாத்துட்டேன் அண்ணா, அங்க தான் இருக்கு. பதவி என்னன்னு பாக்காம எல்லா வரிக்கும் நியூ எம்ப்ளாயீன்னே போட்டிருக்கேன், மேனேஜர் ஆப்ஜெக்ட் ஒண்ணு கூட உருவாகவே இல்ல. அங்கயே ஒரு இஃப் போட்டு மேனேஜரா உருவாக்கி, மொத்தசம்பளம் மெத்தடுக்கு மாத்திட்டேன், போனஸ் சரியா வருது. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.