பங்ஷனல் ரிகவரி: ‘செயல்மீட்சி’ எனலாமா?

அன்புடையீர்,

‘பங்ஷனல் ரிகவரி’ (functional recovery), அதாவது அறுவைக்குப் பின் ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் திரும்பவும் செய்ய முடிவது; இதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது. முதலில் ஒருவர் எழுதியது:

> ‘மூட்டு இயக்க மீட்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம். பொருளும் விளங்குகிறது, ஓசையும் நன்றாக இருக்கிறது.

ஐயா, ‘மூட்டு இயக்கம்’, ‘மீட்பு’ இரண்டிலுமே எனக்கு உடன்பாடு இல்லை. முழங்கால், இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பயிற்சி தரும் இயன்முறை சிகிச்சையாளர் நான். இந்தச் சொல் நோயாளிகளுக்கான கையேட்டில் அச்சாகப் போகிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பது ஒன்று. அந்த மூட்டோடு மனிதர் என்ன செய்கிறார் என்பது இன்னொன்று. முன்னதைக் கோணமானி வைத்துப் பாகையில் அளந்துவிடலாம். ஆனால் முழங்கால் 110 பாகை மடங்கியும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். காரணம் தொடையின் முன்தசை. முழங்கால் மூட்டை மாற்றிய முதல் மாதத்தில் அதன் வலிமை, அறுவைக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. தசை மெலிவதோடு இது நிற்பதில்லை. மூட்டின் வீக்கமும் காயமும் நரம்பு மண்டலத்தைக் குழப்பி, தசை முழுவதும் சுருங்காதபடி தடுத்துவிடுகின்றன. எக்ஸ்ரேயில் புது மூட்டு கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். மனிதர் படியேறத் திணறுவார். ‘மூட்டு இயக்கம்’ என்று பெயர் வைத்தால் இந்தத் திணறல் சொல்லுக்குள் வராமலே போய்விடும். ‘நன்றாக மடங்குகிறதே, இனி எதற்குப் பயிற்சி?’ என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள்.

நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று நாங்கள் பார்க்கும் முறைகளும் இதையே காட்டுகின்றன. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? 30 நொடிகளுக்குள் எத்தனை முறை எழுந்து நிற்கிறார்? 6 நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்கிறார்? எதிலும் பாகைக் கணக்கு இல்லை. ஆக்ஸ்போர்டு முழங்கால் வினாநிரலின் 12 கேள்விகளில் வலியும் உண்டு. குளிப்பது, காரில் ஏறி இறங்குவது, கடைக்குப் போய்வருவது, படியிறங்குவது ஆகியவையும் உண்டு. (சம்மணமிட்டு உட்கார முடிகிறதா என்று அது கேட்பதில்லை. நம் பெரியவர்கள் முதலில் கேட்பதோ அதைத்தான். நமக்கென்று ஒரு வினாநிரல் எழுதும்போது இதைச் சேர்க்காமல் விடக்கூடாது.) செயற்பாடு, இயலாமை, உடல்நலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற வகைப்பாடும் உடலுறுப்பின் இயக்கம், ஒருவர் செய்யும் செயல், அவர் சமூகத்தில் பங்கெடுப்பது என மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே முன்சொல் ‘செயல்’ என்றே இருக்கட்டும்.

அடுத்தது ‘மீட்பு’. அது பிறவினை. கிணற்றில் விழுந்தவரைத் தீயணைப்பு வீரர் மீட்கிறார்; அடகு வைத்த நகையை மீட்கிறோம். மீட்கப்படுபவர் அங்கே எதுவும் செய்ய வேண்டியதில்லை. இங்கே மருத்துவர் மூட்டை மாற்றுகிறார், நாங்கள் வழிகாட்டுகிறோம்; அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து எழுந்து நின்று, மாதக்கணக்கில் பயிற்சி செய்து, மீள்பவர் நோயாளிதான். ஆகவே தன்வினையான ‘மீள்’ என்பதிலிருந்து ‘மீட்சி’.

> ‘மறுவாழ்வு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் அது ரிஹாபிலிடேஷனுக்குரியது. அது வழிமுறை, நாம் தேடுவது அதன் பயன். தவிர, தமிழ்நாட்டில் மறுவாழ்வு மையம் என்றதும் குடிநோய்க்கான இல்லம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இலங்கையில் ‘புனர்வாழ்வு’ என்றால், 2009இல் போர் முடிந்தபின் முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம்கள்தான் நினைவுக்கு வரும்.

அம்மா ஒருவர் முன்மொழிந்த ‘நடமாட்டம்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ‘இப்போது வீட்டுக்குள் நடமாடுகிறார்’ என்று எல்லோரும் இயல்பாகச் சொல்கிறார்கள். அதை மொபிலிட்டிக்கு வைத்துக்கொள்வோம். இடுப்பு மூட்டு மாற்றியவர் நன்றாக நடந்தும், குனிந்து காலில் செருப்பு மாட்ட முடியாமல் இருக்கலாம். அந்தக் குனிதலும் நம் சொல்லுக்குள் வர வேண்டும்.

புணர்ச்சி விதிப்படி ‘செயன்மீட்சி’ என்றே வரவேண்டும் என்பது சரி. இலங்கைப் பாடநூல்களின் ‘செயன்முறை’ அப்படி வந்ததே. ஆயினும் கையேட்டைப் படிப்பவர் எழுபது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியோடு, வலியோடு படிப்பவர். ‘செயல்’ என்ற சொல் அவர் கண்ணுக்கு முழுதாகத் தெரிய வேண்டும். ‘செயல்முறை’ போல இதையும் பிரித்தறியும்படி எழுதலாம் என்பது என் கருத்து.

ஒன்றே ஒன்று பாக்கி. இலங்கையில் பங்ஷனுக்குத் ‘தொழிற்பாடு’ என்பது பள்ளிப் பாடத்திலேயே வழங்குகிறது. அங்குள்ள நண்பர்களுக்குச் ‘செயல்மீட்சி’ இயல்பாகப் படுகிறதா, ‘தொழிற்பாட்டு மீட்சி’ வேண்டுமா? உங்கள் பதிலைப் பார்த்த பிறகே கையேட்டை அச்சுக்கு அனுப்புவேன்.