புகைபோக்கி நிறத்தை வைத்துப் பழைய கப்பலை அடையாளம் கண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

செவ்வாய்ப்பேட்டை:
தாத்தா பினாங்கிலிருந்து திரும்பியபோது எடுத்த படம், பின்னால் கப்பல். ஸ்டுடியோவில் கையால் வர்ணம் தீட்டியது. புகைபோக்கி மஞ்சளாக இருந்ததால் பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல் என்றே பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், 1931-ல் அந்தக் கம்பெனியின் ஸ்ட்ராத்நேவர் கப்பலுக்கு மஞ்சள் அடித்தார்கள் இல்லையா, அதை வைத்துப் படத்தின் காலத்தையும் நானே கணித்துவிட்டேன். போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது சட்டம் கழன்று விழ, அம்மா ஈரப் பஞ்சால் படத்தைத் துடைத்தார். மஞ்சள் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் கறுப்பு, அதில் நெருக்கமாக இரண்டு வெள்ளைப் பட்டை. பி.ஐ., அதாவது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்! ரஜூலா என்ற கப்பலேதான். ஆனால் தாத்தா கன்னத்து ரோஸ் நிறமும் அதே பஞ்சில் போய்விட்டது. அம்மா அந்தப் பஞ்சைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஏற்காடு:
ரஜூலா என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? அந்த இரண்டு பட்டை பி.ஐ. கப்பல் எல்லாவற்றுக்கும் உண்டு. அதே 1926-ல் கட்டிய ரோனாவுக்கும் அதுதான். புகைபோக்கி கம்பெனியைச் சொல்லும், கப்பலைச் சொல்லாது.
நான் ஒரு எஸ்டேட் பங்களாவில் வயரிங் வேலைக்குப் போயிருந்தேன். ஹாலில் கப்பல் படம், புகைபோக்கி முழுக் கறுப்பு. நல்ல மழை, கரண்ட் இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பாக இரண்டு பட்டை! கிளான் லைன் கம்பெனிக் கப்பல். அது சிவப்புப் பட்டை, அந்தக் காலத்து போட்டோ பிளேட்டில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். சொல்லலாம் என்றால் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அடுத்த முறை போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

சூரமங்கலம்:
முதலில் ஒன்று, கை வர்ணப் படத்தில் தயவுசெய்து தண்ணீர் படக்கூடாது. உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். சட்டத்தை விட்டுக் கழற்றி, ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கும், அதைப் பாருங்கள். அப்புறம் பாய்மரம் எத்தனை, உயிர்காப்புப் படகு எத்தனை என்று எண்ணி ஒப்பிட வேண்டும். குனார்டு கம்பெனிக்குச் சிவப்பு, புளூ ஃபனல் கம்பெனிக்கு நீலம், இரண்டுக்கும் உச்சி கறுப்பு, ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். என் மாமனார் வீட்டிலும் ஒரு படம் இருந்தது, கரையான் அரித்துவிட்டது.

அம்மாபேட்டை:
என்னுடையது வேறு மாதிரி. பள்ளிக் கண்காட்சியில் ஒரு பையன் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை வரைந்து வைத்திருந்தான், நான்கு புகைபோக்கி. எம்டனுக்கு மூன்றுதான் தம்பி என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் ரப்பரை எடுத்து நான்காவதை அழித்தான். யார்மவுத் என்ற பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரிய எம்டனில் ஒரு பொய்ப் புகைபோக்கி நிறுத்தி, 1914 அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் போனார்கள் என்று பிறகுதான் படித்தேன். அவன் படத்துக்குக் கீழே பினாங்கு என்று எழுதியிருந்தான். அதை நான் படிக்கவே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை:
ஏற்காடு சொன்னது சரி. பின்பக்கம் பார்த்தேன், முத்திரையில் 1952. ரோனா 1943-லேயே மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டில் மூழ்கிவிட்டது, அதனால் அது இல்லை. பாய்மரம் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.