'தார்மீக உரிமை' பொருந்துமா? மட்டக்களப்பிலிருந்து ஒரு மாற்று முன்மொழிவு

அன்புடையீர்,

பதிப்புரிமைக்குள் அடங்கும் உரிமைகளில், படைப்பாளரின் பெயரையும் படைப்பின் முழுமையையும் காக்கும் உரிமையை ஆங்கிலத்தில் 'moral right' என்பர். அதற்குத் தமிழில் எச்சொல் தகும் என்று நடக்கும் உரையாடலில், 'தார்மீக உரிமை' என்றே வைத்துக்கொள்ளலாம் எனச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தார்மீகம் என்றதும் நம்மவர் விளங்கிக்கொள்வது, நீதிமன்றம் தலையிடாமல் மனச்சாட்சிக்கே விடப்பட்ட ஒரு கடப்பாட்டையே. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் (அறிவுசார் சொத்துச்) சட்டமோ, 10ஆம் பிரிவில் இதனைச் சட்டவலு உள்ள உரிமையாகவே வகுத்திருக்கிறது: தம் பெயர் படைப்பில் இடம்பெறக் கோரலாம், விரும்பினால் பெயரை மறைக்கலாம், புனைபெயர் சூடலாம், தம் மதிப்புக்கோ நற்பெயருக்கோ ஊறு விளையுமாறு படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கலாம். மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு முதலிய பொருளாதார உரிமைகளைப் பிறருக்கு எழுதிக் கொடுத்த பின்னரும் இவை படைப்பாளரிடமே நிற்கும்.

இங்கே கூத்துக்காரரிடையே இச்சிக்கல் அடிக்கடி தலைகாட்டுகிறது. நம்மிடையே வாழும் புலவர் ஒருவர் புதிதாக எழுதிய வடமோடிக் கூத்தை (இங்குள்ள மரபுக் கூத்து வகைகளில் ஒன்று) ஒரு குழுவினர் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, பாத்திரங்கள் மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டுகளை வெட்டி, விழா மேடையில் ஆடி, யூரியூப்பிலும் ஏற்றினார்கள். மத்தளம் அடித்தவர் முதல் ஒலிபெருக்கி தந்தவர் வரை நன்றி கூறியிருந்தார்கள். எழுதியவர் பெயரைக் காணோம். அவர் காசு கேட்கவில்லை. "கொப்பியை நான்தானே குடுத்தன், ஆடட்டும், ஆனா அதில என்ட பேருமில்ல, என்ட பாட்டுமில்ல" என்பதே அவருடைய முறைப்பாடு. இதனைத் தார்மீகம் என்றால், அக்குழுவினர் ஒரு வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விடுவார்கள். (ஆசிரியர் தெரியாத பரம்பரைக் கூத்துகளுக்கு, நாட்டார் வெளிப்பாடுகள் என்ற வகையில், அதே சட்டம் தனி ஏற்பாடு செய்கிறது, அதை இங்கே கலக்க வேண்டாம்.)

அதே உரையாடலில் சென்னை அன்பர் ஒருவர் முன்மொழிந்த 'ஆக்கியோன் உரிமை' அழகான சொல். நூலுக்கு முன்னுரையாக அமையும் சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டுப் பொருள்களில் நன்னூல் ஆக்கியோன் பெயரையே முதலில் வைப்பதால், மரபின் துணையும் அதற்கு உண்டு. ஆயினும் தமிழகத்தில் 'காப்புரிமை' எனப்படுவது, அதாவது புத்தாக்கங்களுக்கு விண்ணப்பித்துப் பெறும் உரிமை, இலங்கைச் சட்டத் தமிழில் 'ஆக்கவுரிமை' என வழங்குகிறது. பதிவு எதுவுமின்றிப் படைத்த மாத்திரத்தே பிறக்கும் உரிமையை அதனோடு குழப்பிக்கொண்டு சட்டத்தரணியிடம் போவோர் பெருகிவிடுவர். 'பெயருரிமை' எனலாமா என்றால், அது சுருக்கமானது, ஆனால் சிதைப்பை எதிர்ப்பது அதற்குள் அடங்காது.

ஆகவே 'படைப்பாளர் மாண்புரிமை' என்பதை முன்வைக்கிறேன். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பேர்ண் உடன்படிக்கை 1928இல் உரோமில் திருத்தப்பட்டு இவ்வுரிமை சேர்க்கப்பட்டபோது, சிதைப்பை அளக்கும் கோலாக வைக்கப்பட்டவை படைப்பாளரின் மாண்பும் நற்பெயருமே. மாண்பு 'மாண்புமிகு' வழியாக அரசியல்வாதிகளின் சொத்தாகிவிட்டது என்று எவரேனும் கேலி செய்யக்கூடும். அவர்களிடமிருந்து மீட்க இதுவும் ஒரு வழிதான்.

ஒப்பந்த வாசகம் ஒன்றில் வைத்துப் பார்த்தேன்: 'இவ்வெழுத்துருவின் பொருளாதார உரிமைகள் வெளியீட்டாளருக்கு உரியன, மாண்புரிமை படைப்பாளரிடமே இருக்கும்.' எங்கும் இடறவில்லை. 'மாண்புரிமை மீறல்' என்பதும் இயல்பாகவே வருகிறது. பலர் சேர்ந்து எழுதிய படைப்புக்கு 'படைப்பாளர்' என்பதே போதுமா, 'இணைப்படைப்பாளர்' எனத் தனியே குறிக்க வேண்டுமா என்பதில் இலக்கணம் அறிந்தோர் கருத்தை வேண்டுகிறேன்.