கேட்ச்லைட்: ‘ஒளிப்பொட்டு’ என்று சொல்லலாமா?

நண்பர்களே,

பறவைகளின் அண்மைப்படங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே கேட்ச்லைட் என்ற சொல் வந்துவிடுகிறது. வெயிலோ வானமோ பட்டுப் பறவையின் கண்ணில் தெரியும் அந்த வெண்புள்ளிதான் அது. அதற்குத் தமிழில் சில சொற்கள் ஏற்கெனவே பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன; நான் ‘ஒளிப்பொட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ஒரு புள்ளிக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டும். ஆண் ஊதாத் தேன்சிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஊதாவும் நீலமும் வெறும் சாயமல்ல; இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறப்பவை. கோணம் தப்பினால் பறவையே கறுத்துவிடும். கண்ணும் கருமை என்பதால் முகத்தில் கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அது தலையை லேசாக வெளிச்சத்தின் பக்கம் திருப்பியதும் கண்ணின் மேலோரத்தில் ஒரு பொட்டு விழும். படத்துக்கு உயிர் வருவது அப்போதுதான்.

குவியம் (ஃபோகஸ்) சரியா என்று பார்ப்பதற்கும் அதுதான் துணை. முழுச்சட்டக் (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 600 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 4-இல் வைத்து 5 மீட்டரில் உள்ள பறவையை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர்தான். அலகு மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், கண் மங்கக் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பொட்டின் விளிம்பைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘பிடியொளி’ சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘கண்ணொளி’ என்றால் பார்வை என்ற பொருள் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. ‘விழித்துளி’ கண்ணீரைத்தான் நினைவூட்டும். ‘கண்ணொளிர்வு’ நல்ல சொல்தான், ஆனால் அதை வேறொன்றுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இரவில் டார்ச் அடித்தால் பக்கி என்ற இரவுப் பறவையின் கண்கள் தணலாய் எரியுமே, அந்த ஒளி கண்ணின் உள்ளிருந்து திரும்புவது. நாம் பேசும் புள்ளி கண்ணின் முன்பரப்பில் தெரியும் பிரதிபலிப்பு. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

நான் முதலில் ‘கண்பொட்டு’ என்றுதான் யோசித்தேன். ‘பொட்டைக்கண்’ என்ற வசைச்சொல் கூடவே ஒட்டிக்கொண்டு வருவதால் விட்டுவிட்டேன். ‘ஒளிப்பொட்டு’ பேச்சிலும் இடறாது: “பொட்டு விழுந்திருக்கிறதா பார்”, “ஃப்ளாஷ் போட்டதால் இரண்டு பொட்டு.” கலைச்சொல்லுக்கு இந்தப் புழக்கம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

மேகமூட்டத்தில் வானம் முழுவதும் கண்ணின் மேல்பாதியில் அகலமாகப் படியுமே, அதைப் பொட்டு என்பதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லலாம், நெற்றியில் வைக்கும் பொட்டும் பிறையாக, நீளமாக எல்லாம் இருக்கிறதே. இதைவிட எளிதாக வாயில் வரும் சொல் இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.