முன்வீல் பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமுங்களா?

பெருந்துறைக்காரன்:
வணக்கமுங்க. பத்து வருசமான சின்ன கார். பெருந்துறையிலிருந்து அவிநாசி போகும்போது 60-ஐத் தாண்டினால் முன்னாடி ‘ஊஊ’ என்று ஒரே இரைச்சல், வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறது. ரோடு வலப்பக்கம் வளைந்தால் அதிகமாகிறது, இடப்பக்கம் வளைந்தால் அடங்குகிறது. டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஜாக்கி போட்டு இடது வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக ஆட்டம் தெரிகிறது. பிரேக் பேடு நானே மாற்றுவேன். இதையும் சுத்தியல் வைத்து முடித்துவிடலாமா?

கணபதி லேத்:
தம்பி, வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது வீலில் விழும், அதனால் நீங்கள் பிடித்தது சரிதான். ஆனால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி இன்னொரு தடவை ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் நக்கிளையும் (வீலைத் தாங்குகிற, பேரிங் உட்காருகிற இரும்புப் பாகம்) கீழ்க் கையையும் இணைக்கிற பால் ஜாயின்ட்டைப் பார்க்கணும்.

சுத்தியல் மட்டும் வேண்டாம். நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்தம் விழணும், அப்புறம் ஹப்பை (வீல் மாட்டுகிற நடுப்பாகம்) இறக்கும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கணும். இது மாறினால் அழுத்தம் முழுக்க குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழும், புது பேரிங் ஒரே மாசத்தில் கத்த ஆரம்பிக்கும். அப்படிக் கெட்டுப்போனதை எத்தனையோ பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். வீட்டில் கழற்றுங்கள், நக்கிளை மட்டும் பிரஸ் (அழுத்தி இறக்கும் மெஷின்) இருக்கிற லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். நம்ம ஊர்ப் பக்கம் பட்டறைக்கா பஞ்சம்?

ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிடுங்கள், பெரும்பாலும் 30 அல்லது 32 மி.மீ. சாக்கெட். அதற்கு முன்னால் ஆக்சில் காடியில் மடக்கியிருக்கிற நட்டு விளிம்பைச் சின்ன உளியால் நிமிர்த்தணும். காலிபரைக் (பிரேக் பேடைப் பிடிக்கிற பாகம்) கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் பாரம் விழக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

சங்ககிரி லாரி:
லாரி ஆட்கள் யாராவது நட்டை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் திருப்பி விடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது டேப்பர் பேரிங்குக்கு (சாய்வான உருளை வைத்தது) உள்ள முறை. உங்கள் வண்டிக்கு மேனுவலில் போட்ட அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கணும், பழைய நட்டை மறுபடி போடக்கூடாது. நட்டைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியைத் தரையில் உருட்டினாலே புது பேரிங் கெட்டுவிடும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) வண்டியா என்றும் பாருங்கள், சில பேரிங்கில் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை இருக்கும், அந்தப் பக்கம் வீல் வேக சென்சாரைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்கணும்.

பெருந்துறைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை முடித்தேன், ரொம்ப நன்றிங்க. பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டது, பேரிங்தான். நட்டு அசையவே இல்லை, சாக்கெட் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகித்தான் தளர்த்த முடிந்தது. பட்டறையில் ஹப்பைத் தள்ளியபோது பழைய உள் வளையம் பாதி அதிலேயே ஒட்டிக்கொண்டது. பட்டறை அண்ணா ஹப்பில் படாமல் கிரைண்டரால் கீறி, உளி வைத்து ஒரே தட்டில் பிளந்து எடுத்தார். பேரிங் நகராமல் பிடிக்கிற சர்க்ளிப்பும் புதிது போட்டாச்சு. இப்போது 80-இல் போனாலும் டயர் சத்தம் மட்டும்தான். பழையதைப் பிரித்துப் பார்த்தால் கிரீஸ் செம்மண் நிறத்தில் இருந்தது, போன மழையில் ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கின தண்ணீரில் வண்டியை விட்டேன், அப்போதுதான் உள்ளே போயிருக்கணும்.