தொலைபேசி முறைப்பாட்டு விசாரணைக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:
கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியம்மாவுடன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விசாரணைக்குத் துணையாகப் போனேன். கேட்காத ஏதோ சேவைக்காக அவருடைய ரீலோட் காசு தினமும் குறைந்துகொண்டே வந்தது. பெரியம்மா சும்மா இருக்கவில்லை. அன்றன்று கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ராத்திரி எவ்வளவு இருந்தது, விடிய எவ்வளவு மிச்சம் என்று எழுதி, ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்.

விசாரணை அன்று கம்பனி சார்பில் ஒரு சட்டத்தரணியும் இரண்டு பேரும் வந்தார்கள். 11 பக்கப் பதிலை அந்த மேசையில் வைத்துத்தான் நீட்டினார்கள், அதுவும் ஆங்கிலத்தில். பெரியம்மா என் பக்கம் திரும்பி, "பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். எனக்கே அரைவாசி விளங்கவில்லை. விசாரித்த அதிகாரி பொறுமையானவர். ஆனால் பதிலை முன்கூட்டியே தரச் சொல்ல விதி இல்லையென்றால் அவர்தான் என்ன செய்வார்? தவணை போட்டார். பிறகும் ஒரு தவணை. காசு கிடைத்தது, சரி. மூன்று தடவை பஸ் ஏறி இறங்கிய முழங்கால் வலி இன்னும் போகவில்லை.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. எதிரே இருக்கும் தனியார் கம்பனி நீட்டும் தாளை அது கட்டுப்படுத்தாது. அந்த இடைவெளியை நடைமுறை விதிதான் அடைக்க வேண்டும்: பதில் முறைப்பாட்டாளரின் மொழியில், குறைந்தது ஒரு கிழமைக்கு முன் கைக்கு வர வேண்டும்.

மட்டக்குளியிலிருந்து:
சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். நமது தொலைத்தொடர்புச் சட்டம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கம். 1996இல் திருத்தி இந்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை அமைத்தார்கள், 2024இலும் திருத்தினார்கள். இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்றே டிடிசாட் என்ற தீர்ப்பாயம் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டக்கோவை அதைக் கட்டாது, இரு தரப்பையும் நியாயமாகக் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதிக் கோட்பாடுதான் வழிகாட்டி. 90 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்றும் அந்த நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தக் காரணம் எழுதும் விதிதான். ஆனால் தனி நுகர்வோரின் முறைப்பாடு அங்கே போகாது, நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பெரியம்மா போன்றவர்களுக்கு அதை அப்படியே கொண்டுவந்து பயனில்லை.

தெமட்டகொடையிலிருந்து:
நாள் கணக்கு வைக்க நம்மாலும் முடியும். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். நான் விண்ணப்பம் போட்டபோது நாளை எண்ணிக்கொண்டு போய்க் கேட்க முடிந்தது. நாள் தெரிந்தால் குரலும் தன்னால் உயரும். அப்புறம், அந்தக் கலண்டர் தாள்களைச் சான்றாக எடுத்தார்களா?

வெள்ளவத்தையிலிருந்து:
எடுத்தார்கள். அதிகாரி ஒவ்வொன்றாக எண்ணி, இலக்கமிட்டுக் கோப்பில் சேர்த்தார். ஆனால் கம்பனியின் கணினிப் பதிவு வந்த பிறகுதான் கதை முடிந்தது. அதைக் கேட்டு வாங்கவே இரண்டாவது தவணை போனது. முறைப்பாடு பதிவான உடனேயே அந்தப் பதிவை ஒப்படைக்க வேண்டும் என்று விதி எழுதினால், பெரியம்மா ஒரே தடவை போய் வந்திருப்பார்.