டிகாஷனில் எஸ்பிரெசோ மார்ட்டினி: நுரை ஏன் நிற்பதில்லை?

செங்காங் மருமகள் எழுதியது:

வணக்கம். எங்கள் திருமண நாளை ஒட்டி அடுத்த மாதம் எட்டுப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள். சாப்பாடு முடிந்த பிறகு எல்லாருக்கும் எஸ்பிரெசோ மார்ட்டினி (வோட்காவும் காப்பியும் சேர்த்துக் குலுக்கி, மேலே நுரை நிற்கக் கொடுக்கும் பானம்) கலந்து கொடுக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் எஸ்பிரெசோ இயந்திரம் வைக்க இடமும் இல்லை, அதற்காகப் பல நூறு வெள்ளி செலவழிக்க எனக்கு மனமும் இல்லை. லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் வாங்கிய எவர்சில்வர் பில்டர் இருக்கிறதே, அதில் இறங்கும் கெட்டி டிகாஷன் போதாதா என்று நினைத்துச் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம்.

ஒரு கிளாசுக்கு 50 மில்லி வோட்கா, 30 மில்லி காப்பி லிக்யூர் (காப்பிச் சுவையுள்ள இனிப்பு மது), 10 மில்லி சர்க்கரைப் பாகு, 30 மில்லி டிகாஷன் என்று அளந்து, ஷேக்கர் இல்லாததால் நன்றாகக் கழுவிய ஊறுகாய்ப் போத்தலில் ஐஸ் கட்டிகளோடு போட்டுக் குலுக்கினோம். டிகாஷன் காலையில் இறக்கியது, குலுக்கியது மாலை ஆறு மணிக்கு. வடிகட்டி ஊற்றியபோது விரல் அகலத்துக்குப் பெரிய பெரிய குமிழிகளாக நுரை வந்தது. சமையலறையிலிருந்து மேசைக்குக் கொண்டுபோவதற்குள் அது அடங்கிவிட்டது. குடித்தால் தண்ணீராக இருந்ததோடு தொண்டையில் ஒரு கசப்பும் தங்கியது.

இந்தப் பானத்துக்கு டிகாஷனே ஒத்துவராதா, அல்லது நான் வாங்கும் தூளில் 30 விழுக்காடு சிக்கரி இருப்பதுதான் காரணமா? கீழ்மாடிக் கோப்பிக் கடையில் கோப்பி வாங்கிவந்து கலந்தால் சரிவருமா? வருபவர்களில் இருவர் முட்டை சாப்பிட மாட்டார்கள் என்பதால் முட்டை வெள்ளைக்கரு யோசனை வேண்டாம். மேலும், மதுவோடு சேரப்போகும் டிகாஷனுக்கு வேறு பில்டர் வாங்கிக்கொள் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். அது என் சொந்தச் சிக்கல், அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

பில்டர்பித்தன் எழுதியது:

சகோதரி, டிகாஷன் தாராளமாக ஒத்துவரும். ஆனால் எஸ்பிரெசோ செய்யும் வேலையில் பாதியை அது செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு கலக்க வேண்டும். மது கலப்பவரான டிக் பிராட்செல் 1980களில் லண்டனில் இந்தப் பானத்தை உருவாக்கியபோது அதன் பெயரே வோட்கா எஸ்பிரெசோதான். எஸ்பிரெசோ இயந்திரம் சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள் செலுத்துவதால், வறுத்த கொட்டைக்குள் தங்கியிருந்த கரியமில வாயு நீரில் கரைந்து, கோப்பையில் விழுந்ததும் பொன்னிற நுரையாக வெளியே வருகிறது. பில்டரில் அழுத்தம் கிடையாது. அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் அந்த வாயு பெரும்பாலும் பறந்துவிடுகிறது. ஆகவே நுரை முழுவதையும் உங்கள் கைதான் உண்டாக்க வேண்டும், அந்த இடத்தில்தான் ஊறுகாய்ப் போத்தல் உங்களைக் கைவிட்டிருக்கிறது. குறுகிய போத்தலில் ஐஸ் கட்டிகள் முன்னும் பின்னும் ஓடிக் காற்றை அடித்துச் சேர்க்க இடமில்லை. உள்ளே பாதிக்கு மேல் காலியாக இருக்கும்படி பெரிய பாத்திரம் வேண்டும். ஷேக்கர் வாங்கப் பிடிக்காவிட்டால் இறுக மூடும் அகன்ற கண்ணாடி ஜாடி போதும்.

அடுத்தது ஐஸ். நம் ஊர்ச் சமையலறையில் வெப்பம் 30 பாகையைத் தாண்டி இருக்கும்போது, தட்டில் எடுத்து வைத்த ஐஸ் கட்டி இரண்டே நிமிடத்தில் வேர்த்துப் பளபளக்கும். அந்த ஈரம் முழுவதும் குலுக்குவதற்கு முன்பே கிளாசுக்குள் போகும் தண்ணீர்தான். கட்டி வெள்ளையாக, உலர்ந்து, விரலில் ஒட்டும் நிலையில் உறைபெட்டியிலிருந்து நேரே ஷேக்கருக்குப் போக வேண்டும். டிகாஷன் சூடாக இருந்தால் ஐஸ் வேகமாகக் கரையும் என்பதால், பில்டரின் கீழ்ப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டு, அதற்குப் பின் அதிகம் தாமதிக்காமல் பயன்படுத்துங்கள். காலையில் இறக்கியதை மாலை வரை வெளியே வைத்தால் அது புளித்துக் கசக்கத்தான் செய்யும். உங்கள் தொண்டையில் தங்கிய கசப்பில் முக்கால் பங்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

அளவைச் சொல்கிறேன். 40 கிராம் தூளை மேல் பாத்திரத்தில் போட்டு, குடைத் தட்டை வைத்து லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய நீர் 120 மில்லியைத் தட்டின் மேலேயே மெதுவாக ஊற்றினால் சுமார் 60 மில்லி முதல் டிகாஷன் கிடைக்கும். அது இரண்டு கிளாசுக்குச் சரியாக இருக்கும். மேலும் நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாஷனைப் பால் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மதுவின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சிக்கரி கலந்த தூள் தவறில்லை. இந்தியாவில் காப்பி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 விழுக்காடு காப்பி இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்தக் கணக்கில் உங்களுடையது நல்ல தூள். சிக்கரி டிகாஷனுக்குக் கனத்தைத் தரும், கூடவே கருகிய சர்க்கரை போன்ற கசப்பையும் தரும். லிக்யூர் ஏற்கனவே இனிப்பாக இருப்பதால், அந்த ஒரு இரவுக்கு மட்டும் சிக்கரி இல்லாத தூளை 100 கிராம் வாங்கி, இருக்கும் தூளோடு பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள்.

முட்டை வேண்டாம் என்றீர்கள். அதற்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது: கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் 2014இல் இந்தப் பருப்பு நீரை முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்க வைத்துக் காட்டிய பிறகு, உலகெங்கும் மது கலப்பவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நாம் காலம் காலமாகச் சுண்டலுக்குக் கடலையை வேகவைத்து வடித்துக் கொட்டிய நீர் அது. உப்புப் போடாமல் வேகவைத்து, வடித்த நீரை விரலில் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும் வரை சுண்டவைத்துக் குளிரவிடுங்கள். ஒரு கிளாசுக்கு 15 மில்லி போதும். முதலில் ஐஸ் இல்லாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து விநாடி குலுக்கி, பிறகு ஐஸ் போட்டு, ஜாடியைப் பிடித்திருக்கும் கை குளிர் பொறுக்காமல் கெஞ்சும் வரை குலுக்க வேண்டும். கடலை வாசம் வருமே என்று பயப்பட வேண்டாம், காப்பி அதை மூடிவிடும்.

கீழ்மாடிக் கோப்பி எழுதியது:

பித்தன் அண்ணன் கோப்பிக் கடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார், ஆகவே அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்க் கோப்பிக்குப் பெரும்பாலும் ரொபஸ்டா வகைக் காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். அந்தக் கொழுப்பும் கருகிய சர்க்கரையும்தான் அதன் மணம், நுரைக்கு எதிரியும் அந்தக் கொழுப்புதான். நான் இரண்டு முறை அதை வைத்து மார்ட்டினி முயன்று, இரண்டு முறையும் மேலே ஆடை படிந்த பழுப்புத் தண்ணீரைத்தான் குடித்தேன்.

ஆனால் நுரை தேவைப்படாத பானம் என்று வந்துவிட்டால், கோப்பிக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். கடையில் ‘கோப்பி ஓ கோசோங் காவ்’ என்று கேளுங்கள். பாலும் சர்க்கரையும் இல்லாமல் கெட்டியாகத் தருவார்கள். கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்து, அந்தப் பையை அப்படியே ஐஸ் தண்ணீரில் மிதக்கவிட்டால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். 100 கிராம் குலா மலாக்காவைச் (பனைவகை வெல்லம்) சீவி, 100 மில்லி நீரில் முடிச்சுப் போட்ட பாண்டான் என்ற வாசனை இலையோடு கரைத்துப் பாகு செய்துகொள்ளுங்கள். உயரக் கிளாசில் பெரிய ஐஸ் கட்டிகளைப் போட்டு, 45 மில்லி கறுப்பு ரம், 15 மில்லி பாகு, 90 மில்லி கோப்பி என்ற வரிசையில் ஊற்றி ஒரு முறை கிளறினால் போதும். ஓல்டு மங்க் ரம் கிடைத்தால் விடாதீர்கள். அதில் இருக்கும் வெனிலா சாயல் குலா மலாக்காவோடு உறவு கொண்டாடும். கெட்டிப்பால் பிரியர்கள் மேலே ஒரு மேசைக்கரண்டி சுற்றி ஊற்றிக்கொள்ளலாம். ஸ்பெயினில் காப்பியில் பிராந்தி ஊற்றி காரஹியோ என்று குடிக்கிறார்கள், அயர்லாந்தில் விஸ்கி ஊற்றுகிறார்கள். நாம் குடிக்கும் கோப்பியில் ரம் ஊற்றுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

எட்டுப் பேருக்கும் தனித்தனியாக மார்ட்டினி குலுக்கினால், கடைசி ஆளின் கிளாஸ் தயாராகும்போது முதல் ஆள் விடைபெற்றுக் கொண்டிருப்பார் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ருசியைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் எண்களை மட்டும் சொல்கிறேன். வோட்காவில் 40 விழுக்காடும் லிக்யூரில் 20 விழுக்காடும் ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால், உங்கள் அளவில் கலந்த ஒரு கிளாசில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 விழுக்காடு உள்ள 330 மில்லி பியர் டப்பாவில் இருப்பது சுமார் 13 கிராம்தான். கிளாஸ் சிறியதாக இருப்பதால் ஏமாந்து மூன்றாவதையும் கேட்பார்கள். காப்பி சேர்ந்திருப்பதால் தூக்கமும் வராது, போதையும் தெரியாது, ஆனால் இரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் ஒரு துளியும் குறையாது. இப்படி உணர்வை மறைக்கிறது என்பதும் ஒரு காரணமாகத்தான், காஃபின் சேர்த்த மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சிங்கப்பூரில் வாகனம் ஓட்டுபவருக்கு வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 80 மில்லிகிராம். கார் சாவியோடு வருபவருக்கு மது இல்லாத கிளாஸ் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

வோட்கா போதாமல் போனால் கடைக்கு ஓடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடையில் மது வாங்கி எடுத்துப்போக முடியாது. ஜோகூர் போய் மலிவாக வாங்கி வரலாமே என்று உங்கள் கணவர் சொன்னால், மலேசியாவிலிருந்து திரும்பி வருபவர்களுக்கு மதுவுக்கான தீர்வைச் சலுகை கிடையாது என்று சொல்லுங்கள். இங்கே தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 700 மில்லி வோட்கா போத்தல் ஒன்றுக்கு அது மட்டும் 24 வெள்ளி 64 காசு, அதற்கு மேல் பொருள் சேவை வரி. அதனால் ஒத்திகையைச் சிறிய அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்காங் மருமகள் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று இரண்டாம் ஒத்திகையை முடித்தோம். முப்பது நிமிடத்துக்கு முன் இறக்கிய டிகாஷன், அகன்ற ஜாடி, உறைபெட்டியிலிருந்து நேரே எடுத்த ஐஸ், 15 மில்லி கடலைத் தண்ணீர். ஊற்றி முடித்ததும் கிளாஸ் முழுவதும் கலங்கிய பழுப்பாக இருந்ததைப் பார்த்து இந்த முறையும் போயிற்று என்று நினைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் கருமை கீழே இறங்கி, மேலே சந்தன நிறத்தில் நுரை தனியாகப் பிரிந்து நின்றது. அதன் மேல் வைத்த மூன்று காப்பிக் கொட்டைகள் கடைசி வாய் வரை மூழ்கவில்லை. சிக்கரியைக் குறைத்ததில் கசப்பும் போய்விட்டது, சொல்லப்போனால் 10 மில்லி பாகு இப்போது அதிகமாகத் தெரிகிறது, 5 மில்லியாகக் குறைக்கப் போகிறேன். முதல் சுற்றுக்கு ஆளுக்கு ஒரு சிறிய மார்ட்டினி, பிறகு கேட்பவர்களுக்குக் கோப்பி ரம் என்று முடிவு செய்திருக்கிறோம். மது வேண்டாதவர்களுக்கு டிகாஷன், குலா மலாக்கா, கடலைத் தண்ணீர் மூன்றையும் குலுக்கிக் கொடுப்போம். அத்தை அதை வாங்கிக் குடித்துவிட்டு, வேகவைத்த கடலையைச் சுண்டலாகத் தாளித்துக் கொடுத்தார்கள்.

இன்னொரு கேள்வி மட்டும் பாக்கி. காப்பி லிக்யூரையும் வீட்டிலேயே செய்துவிட முடியுமா?

பில்டர்பித்தன் எழுதியது:

முடியும், ஆனால் இப்போதே தொடங்க வேண்டும். 80 கிராம் கொரகொரப்பாக அரைத்த தூளை 500 மில்லி குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, குளிர்பதனப் பெட்டிக்குள் 16 மணி நேரம் வைத்து, துணியில் பிழியாமல் வடிகட்டுங்கள். நம் வெப்பத்தில் அதை வெளியே வைக்க வேண்டாம். வடித்ததில் 300 மில்லி அளந்து எடுத்து, 300 கிராம் சர்க்கரையை அதிலேயே கரைத்து, 500 மில்லி வோட்கா அல்லது ரம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வரும், ஆல்கஹால் அளவும் 20 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஒரு வாரம் குளிரில் வைத்தால் காரம் அடங்கும். போத்தலின் மேல் தேதியையும் ‘மது’ என்ற சொல்லையும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், காலையில் யாராவது அதை டிகாஷன் என்று நினைத்துப் பாலில் ஊற்றிவிடப் போகிறார்கள்.